சந்தனம் புதைத்த பாத்தி

கூகைமலையில் ஒரு வழக்கம் இருந்தது. யாருக்கு மருந்து வேண்டுமோ அவர் வீட்டு ஆளே மலையில் தங்கி மூலிகையைப் பயிர் செய்ய வேண்டும். வைத்தியம் பார்த்த பச்சையம்மை மருந்தைக் கிண்டித் தருவாள். பயிர் வைத்துத் தர மாட்டாள். கெஞ்சினாலும் கிடையாது, காலில் விழுந்தாலும் கிடையாது.

சோணாசலச் செட்டியார் தம் அக்கா வடிவாம்பாளை டோலியில் வைத்து அந்த மலைக்குக் கொண்டுவந்தார். அக்காவுக்கு வயிற்றில் கட்டி. சோற்று வாசனை பட்டாலே குமட்டல். இளநீரும் மோரும் மட்டுமே உள்ளே போய்க்கொண்டிருந்தன. டோலி தூக்கியவர்கள் கனமே தெரியவில்லை என்றார்கள். அதைக் கேட்டு அக்கா மட்டும்தான் சிரித்தாள்.

தாயில்லாத தம்பியை வளர்த்தவள் அவள். தனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டாள். தம்பி எண்ணெய்ச் செக்கு வைக்க ஆசைப்பட்டபோது காதில் கிடந்த கம்மலைக் கழற்றிக் கொடுத்தாள். செக்கு ஓடியது, செட்டியார் ஊரில் பெரிய மனிதர் ஆனார். அக்காவின் காது மட்டும் மூளியாகவே இருந்தது. அது செட்டியாரின் கண்ணில் பட்டதே இல்லை. தினமும் பார்க்கிற காது அல்லவா.

பச்சையம்மை, செட்டியாரின் மகள் வயதுடையவள். அவளைத் தாயே என்று கூப்பிட அவருக்கு முதலில் நாக்கு கூசியது. அக்காவைப் பார்த்ததும் கூச்சம் போய்விட்டது.

"தாயே, இவளை எப்படியாவது சாப்பிட வைக்கணும். அது போதும் எனக்கு."

பச்சையம்மை ஒரு சிறிய ஜாடியைத் திறந்தாள். அடியில் ஒட்டியிருந்த லேகியத்தை வழித்து எடுத்தாள். குடிசைக்குள் ஒரு மணம் எழுந்தது. எலுமிச்சைத் தோலைக் கிள்ளினாற்போல முதலில். பிறகு மிளகு. அதற்கும் பின்னால், எங்கிருந்தோ, மழை பெய்த தரை.

அக்காவின் முகம் விரிந்தது. லேகியத்தை நக்கினாள். கொஞ்ச நேரம் கண்ணை மூடிப் படுத்திருந்தாள்.

"சோணா, கொஞ்சம் கஞ்சி கிடைக்குமாடா?"

செட்டியார் அழுதே விட்டார்.

"ஜாடியில் அவ்வளவுதான் இருந்தது. வேற யாரோ வச்ச பயிர்" என்றாள் பச்சையம்மை. ஒரு பொட்டலம் விதையை அவர் கையில் வைத்தாள். "சிவமூலி. உங்க ஊர்ல கஞ்சான்னு சொல்வாங்க. இனிமே நீங்கதான் வைக்கணும் செட்டியாரே. மணம் ஏறாத மூலியை அக்கா உடம்பு ஏத்துக்காது."

"உரத்தைப் பத்தி எனக்கா தாயே தெரியாது? புண்ணாக்குலயே புரண்டு வளர்ந்தவன் நான்."

பச்சையம்மை காலி ஜாடியை மூடி மூலையில் வைத்தாள்.

செட்டியார் தம் சொந்தச் செக்கிலிருந்து கடலைப் புண்ணாக்கை மூட்டை மூட்டையாக வரவழைத்தார். அன்றைக்கு ஆட்டியது, எண்ணெய்ப் பசை காயாதது. பாத்தியில் அள்ளிக் கொட்டினார். செடிகள் கிடுகிடுவென வளர்ந்தன. மார் உயரம் வந்தன. இலை ஒவ்வொன்றும் முறம் போல விரிந்து கரும்பச்சையாக நின்றது. செட்டியார் பாத்தியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பந்தியைச் சுற்றி வரும் பெண் வீட்டுக்காரர் தோற்றார்.

ஒருநாள் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தார். மாட்டுத் தீவனம்போல இருந்தது.

யோசித்துப் பார்த்தார். மணம் வெளியே வர வேண்டுமென்றால் உள்ளே மணத்தைப் போட வேண்டும், இதில் என்ன இருக்கிறது? பூஜைக்கென்று கொண்டு வந்திருந்த சந்தனக் கட்டையைத் துண்டு துண்டாக வெட்டினார். கூடவே ஒரு பை கிராம்பு. வேரைச் சுற்றிக் குழி பறித்துப் புதைத்தார்.

தண்ணீர்க் குடத்தோடு அந்தப் பக்கமாக வந்த பச்சையம்மை நின்றாள்.

"என்ன புதைக்கிறீங்க?"

"சந்தனம் தாயே. உசத்தி ரகம். ஊர்ல வேற எவன்கிட்டயும் கிடையாது."

"ம்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

செடி பூத்தது. பறித்துக் காயவைத்து, பனைவெல்லமும் நெய்யும் சேர்த்து லேகியம் கிண்டினார்கள். செட்டியார் தம் கையாலேயே எடுத்துக்கொண்டு போனார். அக்காவின் வாய்க்கு அருகில் கொண்டு போனதும் அவளுக்கு ஓங்கரித்தது. உள்ளே ஒன்றுமில்லாத வயிறு. வெறும் நீராக வந்தது.

வாயைத் துடைத்துக்கொண்டு அவள்தான் தம்பிக்கு ஆறுதல் சொன்னாள்.

"பரவால்லடா. நீ என்ன பண்ணுவே."

செட்டியார் எழுந்து நேராகப் பச்சையம்மையிடம் போனார்.

"எனக்குத் தெரியல தாயே. எந்த உரம் போட்டா மணம் வரும்?"

பச்சையம்மை மூலையில் கிடந்த கூடையை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"அடிவாரத்து ஏரிக்கரைக்குப் போங்க. மீன் அரியற இடத்துல குடல் கொட்டிக் கிடக்கும். அள்ளிட்டு வாங்க."

"மீன் குடலா? நானா?"

மீன்காரத் தெரு வழியாகப் போக வேண்டி வருமென்று சுற்றுவழியில் கோயிலுக்குப் போகிற மனிதர் அவர். மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு போனார். தலையில் கூடையோடு வந்தார். பிறகு ஆட்டுப் பட்டியில் புழுக்கை கூட்டினார். வேப்பம் புண்ணாக்கு கொண்டுவந்தார். காட்டுச் சருகு, அடுப்புச் சாம்பல். எல்லாவற்றையும் பச்சையம்மை சொன்னபடி அடுக்கடுக்காகப் போட்டுத் தண்ணீர் தெளித்து மூடினார். நாற்றம் மலையையே தூக்கியது.

'மணம் கேட்டால் நாற்றத்தைக் கொடுக்கிறாளே' என்று முணுமுணுத்துக்கொண்டார்.

மார்கழி வந்தது. ஒரு விடியலில் குளிர் எலும்பைக் குத்தியது. குவியலைக் கிளறச் செட்டியார் மண்வெட்டியோடு போனார். மேல் சருகை விலக்கியதும் உள்ளிருந்து குப்பென்று புகை எழுந்தது.

"தீப் பிடிச்சிருச்சு தாயே! தண்ணி! தண்ணி!"

குடத்தைத் தேடி ஓடினார். பச்சையம்மை சாவதானமாக வந்தாள். அவர் கையைப் பிடித்துக் குவியலுக்குள் செருகினாள். செட்டியார் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். கொதிக்கிற உலைபோலச் சுட்டது.

அவர் குனிந்து தோண்டினார். நெருப்பு இல்லை, கங்கு இல்லை. ஈரச் சருகு, ஆவி, சூடு. சுற்றிலும் புல்லெல்லாம் பனியில் விறைத்துக் கிடந்தது.

"யார் தாயே மூட்டினது இந்த அடுப்பை?"

"தெரியல செட்டியாரே. நானும் இத்தனை வருஷமா அதைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்."

செட்டியார் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். கைகூப்ப வேண்டும்போல இருந்தது. மீன் குடலை எப்படிக் கும்பிடுவது என்று தெரியாமல் சும்மா உட்கார்ந்திருந்தார்.

அதன்பின் தினமும் போனார். கிளறினார், தண்ணீர் தெளித்தார், முகர்ந்தார். துண்டு எப்போது மூக்கை விட்டு இறங்கியது என்று அவருக்கே நினைவில்லை. நாற்றம் புளிப்பாயிற்று. புளிப்பு அடங்கிற்று. ஒருநாள் மண்வெட்டியைப் போட்டதும் உள்ளிருந்து ஈரத் தரையின் மணம் வந்தது. அக்காவைக் கஞ்சி கேட்க வைத்த ஜாடியில், மிளகுக்கும் பின்னால் இருந்த அதே மணம். செட்டியார் ஒரு பிடி அள்ளி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

அந்த மண்ணைக் கலந்து புதிய பாத்தி போட்டார். செடிகள் இம்முறை இடுப்புக்குக்கூட வரவில்லை. இலை ஒல்லி. அக்காவோ நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டிருந்தாள். குரல் வெளியே வருவதே கஷ்டமாக இருந்தது. ஒருநாள் பயம் தாங்காமல், மீந்திருந்த கடலைப் புண்ணாக்கை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு பாத்திவரை வந்துவிட்டார். நின்றார். மாட்டுத் தீவன வாசனை நினைவுக்கு வந்தது. திரும்பிப் போய் மூட்டையிலேயே போட்டுவிட்டு வந்தார்.

கோடை. வானத்தில் பொட்டு மேகம் இல்லை. செட்டியார் அக்காவின் தலைமாட்டில் விசிறிக்கொண்டிருந்தார். காற்று பாத்தியைத் தாண்டிக் குடிசைக்குள் வந்தது. அக்கா கண்ணைத் திறந்தாள்.

"மழை வருதாடா சோணா?"

செட்டியார் வெளியே ஓடினார். செடிகள் பூத்திருந்தன. பக்கத்தில் போவதற்கு முன்பே மணம் முகத்தில் வந்து மோதியது. அவருக்குக் கண் மறைத்தது.

லேகியம் ஆயிற்று. அக்கா நக்கினாள். கண்ணை மூடிப் படுத்திருந்தாள்.

"கஞ்சி போடுடா. துவையல் ஏதாவது இருந்தா நல்லாருக்கும்."

கிண்ணத்தை அவளே கையில் வாங்கிக்கொண்டாள். அவள் குடிக்கத் தொடங்கியதைக் கண்ணாரப் பார்த்துவிட்டுச் செட்டியார் வாசலுக்கு வந்தார். பச்சையம்மை ஜாடியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"தாயே, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இதுல எது மணத்தைக் கொடுத்தது? குடலா, புழுக்கையா, வேப்பம் புண்ணாக்கா?"

"தோண்டிப் பாருங்க."

செட்டியார் புதுப் பாத்தியில் மண்டியிட்டுக் கையாலேயே தோண்டினார். குடல் இல்லை. புழுக்கை இல்லை. சருகின் நரம்புகூட இல்லை. கறுப்பு மண். அதற்குள் வேரைத் தொட்டுக்கொண்டு வெள்ளை வெள்ளையாய்க் காளான் நூல் ஓடியது, எல்லாத் திசையிலும், முடிவே இல்லாமல். தலையில் சுமந்து கொண்டுவந்த ஒன்றையும் அவரால் அடையாளம் காண முடியவில்லை. எங்கே போயின எல்லாம்?

பக்கத்திலேயே பழைய பாத்தி கிடந்தது. என்னவோ தோன்றி அதையும் தோண்டினார். கை கட்டையில் இடித்தது. எடுத்து மண்ணைத் தட்டினார். வெட்டிய வெட்டு மழுங்காமல் இருந்தது. முகர்ந்தார். புதைத்த அன்றைக்கு இருந்த அதே வாசனை.

அதைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"தாயே, நாறினது எதுவும் அங்க இல்ல. தேடிப் பார்த்தேன், எல்லாம் காணாமப் போயிருச்சு. இது மட்டும் வச்சது வச்சபடி இருக்கு. இதைவிட மணமுள்ளது எது? இது ஏன் செடிக்கு ஒண்ணும் தரல?"

பச்சையம்மை ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கட்டையை வாங்கினாள். ஆசையாக முகர்ந்து பார்த்தாள். திரும்ப அவர் கையிலேயே வைத்தாள்.

"உசத்தி ரகம்தான் செட்டியாரே. சந்தனமாவே இருந்துட்டுது."

உள்ளேயிருந்து மெல்லிய குரல் வந்தது.

"சோணா, நீ சாப்ட்டியாடா?"

செட்டியார் திரும்பினார். அக்கா கிண்ணத்தில் பாதிக் கஞ்சியை மிச்சம் வைத்து அவர் பக்கமாக நகர்த்தியிருந்தாள். வாசல் வெளிச்சம் அவள் மூளிக் காதில் விழுந்தது.

சந்தனக் கட்டை கையில் இருக்க, செட்டியார் அந்தக் காதையே பார்த்துக்கொண்டு நின்றார்.