அணைய வேண்டிய விளக்கு

அன்று காலை அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். பழுது பார்க்க வந்த வேதவல்லி. அவரிடம் பதினான்கு மாதமாகத் தொழில் கற்றுவந்த திருஞானம். வீட்டுக்காரர் தைரியநாதன். அவர் மனைவி மதலேன். பழைய இரும்பு வாங்கும் சிக்கந்தர். சிக்கந்தரின் மூன்று சக்கர வண்டி வாசலில் நின்றது. அதை ஆளாகக் கணக்கிடவில்லை.

குருவுக்கு வயது நாற்பத்துமூன்று. சீடருக்கு அறுபத்தொன்று. வேதவல்லி பொருட்காட்சித் திடல்களில் விளையாட்டு எந்திரங்களைப் பழுது பார்த்துக் கை தேர்ந்தவர். திருஞானம் முப்பத்திரண்டு வருடம் வீடுகளுக்கு ஒயரிங் செய்தவர். வேதவல்லியை அவர் மேஸ்திரி என்பார். வேதவல்லி அவரை அண்ணே என்பார்.

எந்திரம் கூடத்தின் கிழக்குச் சுவரோரம் இருந்தது. நான்கு கால், சரிந்த பலகை, மேலே கண்ணாடி. உள்ளே ஒரு இரும்புக் குண்டு. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பொத்தான். அழுத்தினால் உள்ளே ஒரு கட்டை குண்டைத் தட்டி மேலே அனுப்பும். குண்டு மோதுகிற இடத்தில் மணி அடிக்கும், எண் ஏறும். தைரியநாதன் பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று இருபத்தாறு வருடம் முன்பு புதுச்சேரிக்குத் திரும்பியபோது கப்பலில் போட்டுக் கொண்டுவந்தது. பிரான்சில் அதற்குப் பிளிப்பர் என்று பெயர். அந்தத் தெருவிலும் அதே பெயர்தான்.

ஆறு நாள் முன்பு பிளிப்பரிலிருந்து புகை வந்தது. மதலேன் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினார். கண்ணாடியின் மேல் காபிக் கோப்பை இருந்தது. அங்கே கோப்பையை வைக்காதீர்கள் என்று அவர் இருபத்தாறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். காபி கொட்டித்தான் புகைந்தது என்று முடிவு கட்டினார். தைரியநாதன் கொட்டவில்லை என்றார். கொட்டிவிட்டுப் பொய் வேறா என்றார் மதலேன். அன்றிலிருந்து கணவரோடு நேராகப் பேசவில்லை. வீட்டைக் கொளுத்தும் பொருள் வீட்டில் இருக்கக் கூடாது என்று சிக்கந்தரை வரச் சொன்னதும் அவர்தான்.

"பாய், அந்தக் கப்பை எடுக்கச் சொல்லுங்க அவரை" என்றார் மதலேன்.

கோப்பை நாற்காலிக் கையில் இருந்தது. தைரியநாதன் எடுத்துக்கொண்டார்.

சிக்கந்தர் எந்திரத்தின் ஒரு காலைத் தூக்கிப் பார்த்து, நூற்றுப்பத்துக் கிலோ வரும் என்றார். ஒரு மணி வரை காத்திருப்பதாகவும், அதற்குமேல் வேறு இடத்தில் ஏற்ற வேண்டிய சரக்கு இருப்பதாகவும் சொன்னார். அப்போது மணி பத்து இருபது.

திருஞானம் பையைத் திறந்து சிறிய அட்டைப் பெட்டியை வெளியே வைத்தார். அதில் ஐந்து கண்ணாடிப் பியூஸ்கள். வரும் வழியில் வாங்கியவை. ஐந்து போதுமா என்று பேருந்தில் கேட்டிருந்தார். ஒரு பியூஸ் போட்டுப் பார்த்து, போனால் இன்னொன்று போட்டுப் பார்ப்பதுதான் அவருக்குத் தெரிந்த வழி.

"ஒண்ணு போதும். கடையில அஞ்சாத்தான் குடுக்கிறாங்க" என்றிருந்தார் வேதவல்லி.

எந்திரத்தின் முன் கதவைத் திறந்து, டார்ச் அடித்து, வேதவல்லி உள்ளே கை விட்டார். பழைய பியூஸைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

கண்ணாடிக் குழாயின் மேல் பியூஸ் கம்பி சுற்றியிருந்தது. ஒற்றை இழை இல்லை, இரண்டு இழையை முறுக்கிச் சுற்றியது. சூட்டில் கறுத்திருந்தது. ஆனால் அறுந்திருக்கவில்லை.

திருஞானம் எட்டிப் பார்த்தார். அந்த முறுக்கு அவருடையது.

ஒன்பது நாள் முன்பு அவர் இங்கே தனியாக வந்திருந்தார். வேதவல்லி அப்போது காரைக்காலில் வேலையாக இருந்தார். எந்திரம் ஓடவில்லை என்று தைரியநாதன் போன் செய்திருந்தார். போய்ப் பார்த்தால் பியூஸ் போயிருந்தது. வயதாகிப் போன பியூஸ், வேறொன்றும் இல்லை. அதே அளவில் கையில் மாற்று இல்லை. மறுநாள் வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கலாம். தைரியநாதன், திருஞானம் முசியே என்று அழைப்பவர், பக்கத்திலேயே நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார். ஒரு இழை தாங்காவிட்டால் இரண்டு இழை போடுவது திருஞானத்தின் முப்பத்திரண்டு வருடப் பழக்கம். சுற்றினார், மீதியை வெட்டினார், எந்திரம் ஓடியது. முசியே கைகுலுக்கினார். பியூஸ் மாற்றியாயிற்று என்று மட்டும் திருஞானம் போனில் மேஸ்திரியிடம் சொன்னார்.

வேதவல்லி அந்தப் பியூஸைத் தன் சேலைக்கு மேல் போட்டிருந்த சட்டையின் பையில் போட்டுக்கொண்டார். திருஞானத்தைப் பார்க்கவில்லை.

"ஏம்மா, எதனால புகைஞ்சுதுன்னு தெரிஞ்சுதா?" என்றார் மதலேன்.

"இன்னும் இல்லீங்க."

அடுத்த மாதத்திலிருந்து வீடுகளுக்கு நீங்களே தனியாகப் போகலாம் என்று போன வாரம்தான் மேஸ்திரி சொல்லியிருந்தார். திருஞானம் அதை நினைத்துக்கொண்டே ஸ்க்ரூக்களைக் கழற்றினார். பதினெட்டு. ஒரு எவர்சில்வர் மூடியில் போட்டு இரண்டு முறை எண்ணினார்.

வேதவல்லி பையிலிருந்து ஒரு லாரி பல்பை எடுத்தார். அதில் இரண்டு கிளிப் கம்பி பொருத்தியிருந்தது. பியூஸ் இருந்த இடத்தில் பியூஸுக்குப் பதிலாக அந்தப் பல்பை மாட்டினார். சுவிட்சைப் போடச் சொன்னார்.

பல்பு பளிச்சென்று எரிந்தது.

தைரியநாதன் கையைத் தட்டினார். "எரியுதுப்பா, ஆயிடுச்சு" என்று சிக்கந்தர் எழுந்து, சட்டையை உதறிக்கொண்டார்.

"உக்காருங்க பாய். இது எரிஞ்சா உள்ளே கோளாறு இருக்குன்னு அர்த்தம். அணையணும்."

எங்கள் வீட்டில் விளக்கு எரியத்தான் ஆள் கூப்பிடுவோம், அணைக்க ஆள் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை என்றார் மதலேன். அதைச் சிக்கந்தரிடம் சொன்னார். தைரியநாதன் சிரித்தார். மதலேன் சிரிக்கவில்லை.

கோளாறு இருக்கிற வரை மின்சாரம் முழு வேகத்தில் பாயும், பியூஸ் இருந்தால் ஒவ்வொரு தடவையும் போகும், பல்பு இருந்தால் எரிந்து காட்டிக்கொண்டே இருக்கும் என்று வேதவல்லி விளக்கினார். பிறகு திருஞானத்திடம் எந்திரத்துக்குள் இருந்த பெரிய பிளக்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கச் சொன்னார். மொத்தம் நான்கு.

முதலாவதைப் பிடுங்கினார். பல்பு எரிந்தது. திரும்பச் செருகி இரண்டாவதைப் பிடுங்கினார். எரிந்தது. மூன்றாவதைப் பிடுங்கியதும் அணைந்தது. செருகினார். எரிந்தது.

"அந்த வழியில இருக்கு. பலகைக்கு அடியில" என்றார் வேதவல்லி.

கண்ணாடியை எடுத்துவிட்டுப் பலகையை நிமிர்த்தி முட்டுக் கொடுத்தார்கள். அடியில் கம்பி சுற்றிய காயில்களும் கம்பிகளும் நெருக்கமாக இருந்தன. வேதவல்லி மதலேனிடம் ஒரு மரக்கரண்டி கேட்டார். கொடுத்தார்.

"காம்பால மெதுவாத் தட்டிக்கிட்டே வாங்கண்ணே. கையைப் பார்க்காதீங்க, பல்பைப் பாருங்க."

திருஞானம் இடக்கோடியில் தொடங்கினார். முதல் காயில், இரண்டாவது, மூன்றாவது. பல்பு எரிந்துகொண்டே இருந்தது. தைரியநாதன் சத்தம் போடாமல் பிரெஞ்சில் எண்ணினார். சிக்கந்தர் தமிழில் எண்ணினார். பதினொன்றாவது காயிலைத் தட்டியபோது பல்பு ஒரு கண் சிமிட்டியது.

மறுபடி தட்டினார். மறுபடி சிமிட்டியது.

சுவிட்சை அணைத்துவிட்டு டார்ச் அடித்தார்கள். காயிலின் இரண்டு முனைகளுக்கு நடுவே, மின்சாரம் போகிற வழிக்கும் வருகிற வழிக்கும் பாலம் போட்ட மாதிரி ஒரு சிறு கம்பி கிடந்தது. அரை அங்குலம் இருக்கும். பக்கத்துக் கம்பிகளின் மேலுறை வெந்து, அந்தப் பிசினில் ஒட்டியிருந்தது. இரண்டு இழையை முறுக்கிய துண்டு.

திருஞானம் குறட்டால் அதை எடுத்தார். அதிக நேரம் பிடிக்கவில்லை. வேதவல்லி வெந்த மூன்று கம்பிகளை மாற்றினார். சுவிட்சைப் போட்டார்.

பல்பு எரியவில்லை.

தைரியநாதன் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மணி பன்னிரண்டு ஐந்து.

"இன்னாம்மா அது?" என்றார் மதலேன்.

"கம்பித் துண்டுங்க."

"எங்கேயிருந்து வந்துச்சு?"

வேதவல்லி பல்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"பிரான்சிலேயிருந்து வரும்போதே உள்ளே கிடந்திருக்கும், விடுங்க" என்றார் தைரியநாதன். எப்படியாவது பேச்சு முடிந்தால் போதும் என்று இருந்தது அவருக்கு.

"இருபத்தாறு வருஷம் சும்மா கிடந்தது, இப்ப ஏன் புகையுதாம்? காபி பட்டு நகர்ந்திருக்கும். கேளுங்க பாய்."

ஆறு நாளில் தைரியநாதனுக்கு இது பழகிவிட்டது. கோப்பையை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் திரும்பினார்.

திருஞானம் குறட்டைக் கீழே வைத்தார்.

"அந்தத் துண்டு என்னுதும்மா" என்றார். "ஒன்பது நாள் முன்னாடி நான் வெட்டினது. மூணு துண்டு விழுந்துச்சு. ரெண்டுதான் பொறுக்கினேன். மூணாவது கண்ணுல படல. மேலே தெறிச்சு எங்கேயோ தொத்தி, குண்டு ஓடி ஓடி அதிர்ந்ததுல அங்கே போய் மாட்டியிருக்கு. பியூஸ்லயும் ரெட்டைக் கம்பி போட்டேன். ஒத்தையா இருந்தா அப்பவே அறுந்திருக்கும், புகைஞ்சிருக்காது. முசியே காபி கொட்டல."

சிக்கந்தர் தொப்பியைக் கழற்றி மறுபடி வைத்துக்கொண்டார்.

மதலேன் திருஞானத்தைப் பார்த்தார். வீடு எரிந்திருக்குமே என்றார். எரிந்திருக்கும் என்றார் திருஞானம். மதலேன் சமையலறை வாசலில் கோப்பையோடு நின்ற கணவர் பக்கம் திரும்பினார்.

"அந்தக் கப்பைக் குடுங்க. ஆறிப்போயிருக்கும், வேற போட்டுத் தரேன்."

தைரியநாதன் ஒரு நொடி பின்னால் திரும்பி, வேறு யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். பிறகு கோப்பையை நீட்டினார்.

வேதவல்லி பெட்டியிலிருந்து ஒரு புதிய பியூஸை எடுத்துத் திருஞானத்திடம் கொடுத்தார். அவர் போட்டார். பலகையை இறக்கினார்கள். பதினெட்டு ஸ்க்ரூவும் அதனதன் இடத்துக்குப் போயின. மூடி காலியானதும் திருஞானம் அதைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். சுவிட்சைப் போட்டதும் எண்கள் கடகடவென்று சுழன்று சைபருக்கு வந்து நின்றன. குண்டு வெளியே வந்து விழுந்தது.

முதல் ஆட்டத்தைத் தைரியநாதன் சிக்கந்தருக்குக் கொடுத்தார். குண்டு நாலு இடத்தில் மோதி மணி அடித்துவிட்டு நேராக ஓட்டைக்குள் இறங்கியது. எடைக்குப் போட்டிருந்தாலும் இதைவிட நேரம் பிடித்திருக்கும் என்று சொல்லிக்கொண்டே சிக்கந்தர் காலி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். மணி பன்னிரண்டு நாற்பது.

காபி குடித்துவிட்டு இருவரும் கிளம்பினார்கள். பேருந்து நிறுத்தத்தில் நிழலில் நின்றபோது திருஞானம் கேட்டார்.

"பியூஸைக் கழட்டினப்பவே உங்களுக்குத் தெரிஞ்சுதா மேஸ்திரி?"

"தெரிஞ்சுது."

"அப்பவே சொல்லியிருக்கலாமே. ரெண்டு மணி நேரம் நான் பட்ட பாடு."

வேதவல்லி சட்டைப் பையிலிருந்து கறுத்த பியூஸை எடுத்து அவரிடம் கொடுத்தார்.

"பல்பு எப்ப அணைஞ்சுதுண்ணே?"

"துண்டை எடுத்ததும்."

"எனக்கு அதுக்குக் கொஞ்சம் பிறகு, நீங்க குறட்டைக் கீழே வச்சப்பதான் அணைஞ்சுது."

திருஞானம் பியூஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பேருந்து வந்தது. வேதவல்லி ஏறுவதற்கு முன் அட்டைப் பெட்டியை எடுத்து அவர் பையில் போட்டார்.

"இது உங்ககிட்ட இருக்கட்டும்ண்ணே. அடுத்த மாசம் தனியாப் போகும்போது வேணும்."

உட்கார இடம் கிடைத்தது. திருஞானம் பெட்டியைத் திறந்து எண்ணினார். நான்கு.