ஆவுடையப்பன் செட்டு போனை எடுத்த கதை

பனையடிக்குறிச்சியில் ஒரு நையாண்டி மேளச் செட்டு இருந்தது. கொட்டினால் கல்லும் குதிக்கும் என்று பேர் வாங்கிய செட்டு. கொட்டாத நேரத்தில்தான் வம்பு. அப்போது அந்த நாலு பேரையும் ஆண்டவன்தான் காப்பாற்ற வேண்டும். அவனும் பல சமயம் கையை விரித்துவிடுவான்.

நாயனம் ஊதும் ஆவுடையப்பன்தான் செட்டுக்குத் தலைவர். அண்ணாவி என்று கூப்பிடுவார்கள். தவிலுக்குக் கொம்பையா, பம்பைக்குப் பூதத்தான், தாளத்துக்குச் சொரிமுத்து. யார் என்ன சொன்னாலும் சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். ஒரு கல்யாண வீட்டில், "கொஞ்சம் நகர்ந்துகிட்டே வாசிங்கப்பா" என்றார்கள். எங்கே நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. இவர்கள் நகர்ந்துகொண்டே வாசித்து அடுத்த ஊர்க் குளத்தங்கரைக்குப் போய்விட்டார்கள். மேளத்தின் பின்னாலேயே போன மாப்பிள்ளையைப் பிடித்து வர ஆள் அனுப்ப வேண்டியதாயிற்று.

ஆவுடையப்பனுக்கு மனதில் ஒரு பெரிய குறை இருந்தது. அவர் மனைவி சண்முகத்தாய் பிறந்த ஊர் ஈச்சந்தாவிளை. அந்த ஊர் அம்மன் கோயில் திருவிழாவான கொடைக்கு வாசிக்க அவரை ஒரு வருஷம்கூட அழைத்ததில்லை. மாமனார் வன்னியப்பெருமாள் சும்மா இருப்பாரா? "எங்க மாப்ள ஊதுதாரு ஊதுதாருங்காவ. நாயனம் ஊதுதாரா, அடுப்பு ஊதுதாரான்னு யாரு கண்டா?" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சண்முகத்தாய் அங்கே கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து அழுவாள். ஆவுடையப்பன் முட்டாள்தான். ஆனால் பெண்டாட்டி அழுதால் அவருக்குச் சோறு இறங்காது.

அந்த வருஷம் ஈச்சந்தாவிளைக் கோயில் தலைவர் சிவனணைந்தான் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார். "வெள்ளிக்கிழமை காலையில போன் பண்ணுவேன். எடுத்தா இந்த வருஷக் கொடைக்கு மேளம் உங்களுக்கு. எடுக்கலைன்னா வேற செட்டுக்குச் சொல்லிருவேன்."

போன் இருந்தால்தானே எடுப்பதற்கு? நாலு பேரும் டவுனுக்குப் போய், செட்டுக்குப் பொதுவாக ஒரு ஸ்மார்ட்போன் வாங்கினார்கள். கடைக்காரர் நல்ல மனுஷர். ஒரு கவரையும் இனாமாகக் கொடுத்து, "வழுவழுன்னு இருக்கும், நழுவி விழுந்தா கண்ணாடி போயிரும். கவர் இல்லாம மட்டும் கையில எடுக்காதீங்க" என்று புத்தி சொன்னார். அவர் வேறு எதையாவது சொல்லியிருக்கலாம்.

கடை வாசலிலேயே முதல் விவாதம் ஆரம்பித்தது.

"அண்ணாவி, இனாம்னு சொல்லி ஓட்டைக் கவரைத் தலையில கட்டிட்டான். முதுகுல பாரும், எவ்வளவு பெரிய ஓட்டை!" என்றான் பூதத்தான்.

"அது போட்டோ எடுக்கதுக்குலே" என்றான் கொம்பையா.

"கவரு எப்படிலே போட்டோ எடுக்கும்?"

ஆவுடையப்பன் கவரை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "நாயனத்துல ஓட்டை இருக்கதுனாலதான் சத்தம் வருது. இதுல சத்தம் வர வேண்டாமா? ஓட்டை இல்லாம குடுத்திருந்தாத்தான் சண்டை பிடிக்கணும்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும்தான் பெரிய சிக்கல் முளைத்தது. மேளக்காரர்களுக்கு உறை என்பது விளையாட்டில்லை. வாத்தியம் சும்மா இருக்கும்போது உறையில் இருக்க வேண்டும், வாசிக்கும்போது உறையைக் கழற்ற வேண்டும். உறையோடு வாசித்தவன் உலகத்தில் கிடையாது.

"அப்போ போன் சும்மா கிடக்கும்போது கவரைப் போடணும். மணி அடிச்சா கழட்டிரணும்" என்றார் ஆவுடையப்பன்.

"கழட்டிட்டுக் கையில எடுக்கக்கூடாதுன்னு கடைக்காரர் சொல்லியிருக்காரே?" என்றான் சொரிமுத்து.

"கவரோட எடுத்துப் பேசிருவோம்."

"உறையோட வாசிச்சா வாத்தியத்துக்குக் குத்தம் அண்ணாவி. நம்ம தொழில்ல அடுக்குமா?"

நாலு பேரும் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்கள். கழற்றினால் தொடக்கூடாது, கழற்றாவிட்டால் பேசக்கூடாது. அடுப்படியிலிருந்து சண்முகத்தாய் எட்டிப் பார்த்து, "அதை அப்படியே எடுத்துக் காதுல வச்சுப் பேசினா என்னங்க?" என்று கேட்டாள்.

"உனக்கு வாத்தியம் தெரியாது தாயி" என்று பூதத்தான் மரியாதையாகச் சொல்லிவிட்டான்.

கடைசியில் கொம்பையாவுக்குத்தான் வழி தோன்றியது. தவில் அடிப்பவர்கள் வலது கை விரல்களில் கெட்டியான கூடு மாட்டிக்கொள்வார்கள். துணியைப் பசை தடவிச் சுற்றிக் காய வைத்த கூடு, மரக்கட்டை போல இருக்கும். கொம்பையா தன் கையை நீட்டினான். "கவர் இல்லாம எடுக்கக்கூடாதுன்னுதானே சொன்னாரு? போனுக்குக் கவர் இல்லைன்னா என்ன, விரலுக்கு இருக்குல்லா! நான் எடுக்கேன்."

ஆவுடையப்பன் எழுந்து அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "இவ்வளவு அறிவை வச்சுக்கிட்டு ஏம்லே தவில் அடிக்கே?" என்று கண் கலங்கினார்.

அதோடு விட்டார்களா? புதுக் கவர் அழுக்காகிவிடும் என்று சொரிமுத்து அதற்குச் சிவப்பு வெல்வெட்டில் ஒரு பை தைத்தான். வெல்வெட்டை எலி கடிக்கும் என்று பூதத்தான் அதைத் தகரப் பெட்டிக்குள் வைத்தான். பிறகு போன் நம்பரைக் கோயில் தலைவருக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, டீக்கடைக்காரரிடம் சோதனைக்கு ஒரு தடவை கூப்பிடச் சொன்னார்கள். பெட்டிக்குள்ளிருந்து 'ஙொய்' என்று மெல்லிசாக ஏதோ கேட்டது.

கொம்பையா தலையை ஆட்டினான். "தோல் தொய்ஞ்சு போயிருக்கு அண்ணாவி."

"போன்ல தோல் எங்கலே இருக்கு?"

"உள்ள இருக்கும். தோல் இல்லாமச் சத்தம் எங்கேருந்து வருது?"

தோல் தொய்ந்தால் வாத்தியத்தை வெயிலில் வைத்து முறுக்கேற்றுவது வழக்கம். போனையும் கொண்டுபோய், அண்ணாவியின் வீட்டு முற்றத்தில் பம்பைக்குப் பக்கத்தில் உச்சி வெயிலில் வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் பம்பை விண்ணென்று ஆயிற்று. போனோ சூடு தாங்காமல் அணைந்துபோயிற்று.

"மயங்கிட்டு" என்றான் பூதத்தான். சொரிமுத்து பனையோலை விசிறியால் அதற்கு வீசிக்கொண்டே இருந்தான். பாவம், கை ஓய்ந்துபோகும் நேரத்தில் அது எப்படியோ பிழைத்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை வந்தது. நாலு பேரும் குளித்து, திருநீறு பூசி, பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சண்முகத்தாய் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போன் அடித்தது.

யாரும் பதறவில்லை. எல்லாம் முறைப்படி நடந்தது. பூதத்தான் பெட்டியைத் திறந்தான். சொரிமுத்து வெல்வெட் பையின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தான். ஆவுடையப்பன் கவரைக் கழற்றி, போனைப் பாயில் சரித்து வைத்து, குனிந்து கும்பிட்டார். கொம்பையா விரலில் கூடு மாட்ட ஆரம்பித்தான். மூன்றாவது விரலுக்குப் போவதற்குள் மணி நின்றுவிட்டது.

"நல்லவேளை, நின்னுட்டு. அரைகுறைக் கையோட பேசியிருந்தா அசிங்கமாப் போயிருக்கும்" என்றான் கொம்பையா.

சத்தம் நின்றால் வாத்தியம் உறைக்குள் போக வேண்டும் அல்லவா? போனைக் கவருக்குள் தள்ளி, பைக்குள் போட்டு, முடிச்சுப் போட்டு, பெட்டியை மூடினார்கள். மூடிய உடனே மறுபடி அடித்தது.

இந்தத் தடவை கூடு தயாராக இருந்தது. பெட்டி, பை, கவர் எல்லாம் மளமளவென்று கழன்றன. கொம்பையா ஜம்மென்று உட்கார்ந்து, கண்ணாடியில் கூட்டு விரலை வைத்துத் தேய்த்தான். போன் தன் பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி தேய்த்தான். அது அவனைச் சட்டை செய்யவே இல்லை. சதை படாமல் அது எப்படித் திறக்கும்?

"தட்டிப் பாருலே" என்றார் அண்ணாவி.

கொம்பையா தட்டினான். தவில்காரன் விரல் ஒரு தட்டோடு நிற்குமா? 'தக திகு தக திகு' என்று ஒரு நடை புறப்பட்டது. சொரிமுத்துவின் கை தானாகத் தாளத்தைப் போட்டது. பூதத்தான் பம்பையை இழுத்துக்கொண்டான். போன் சுருதி பிடிக்க, கொம்பையா வெளுத்து வாங்கினான்.

"ஐயையோ, யாராவது எடுங்களேன்!" என்று ஓடி வந்து சண்முகத்தாய் கையை நீட்டினாள்.

"வெறுங்கை! வெறுங்கை!" என்று கத்திக்கொண்டு மூன்று பேர் குறுக்கே விழுந்து தடுத்தார்கள்.

கொம்பையா முத்தாய்ப்பாக ஒரு தீர்மானம் வைத்து முடித்ததும் போனும் சரியாக அதே இடத்தில் நின்றது. "என்ன ஞானம் பாத்தியளா! எங்க நிக்கணுமோ அங்க நிக்கி" என்று சொரிமுத்து மெய்சிலிர்த்தான்.

அதற்குப் பிறகு போன் அடிக்கவில்லை. வெகுநேரம் அடிக்கவில்லை. சண்முகத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். ஆவுடையப்பன் சுவரில் சாய்ந்து பொலபொலவென்று கண்ணீர் விட்டார்.

அப்போது வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இறங்கியவர் ஈச்சந்தாவிளைக் கோயில் தலைவர் சிவனணைந்தானேதான்.

"யோவ் அண்ணாவி, உயிரோடதான் இருக்கீரா? எத்தனை தடவைய்யா கூப்பிடுறது?"

ஆவுடையப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாயில் விரலை வைத்தார். "கொஞ்சம் சத்தம் போடாம இரும். ஈச்சந்தாவிளைத் தலைவர் போன் பண்ணுற நேரம்."

"நான்தான்யா அது!"

"தெரியும். அதைத்தான் சொல்லுதேன். நீரு இங்க வந்து நின்னுட்டா, அங்கேருந்து யாரு போன் பண்ணுவா?"

தலைவர் தலையைச் சொறிந்தார். "சரி, நேர்லயே கேக்கேன். கொடைக்கு வாரியளா, இல்லையா?"

நாலு பேரும் மூலைக்குப் போய்க் கூடிப் பேசினார்கள். திரும்பி வந்து ஆவுடையப்பன் சொன்னார்: "போனை எடுத்தாத்தான் மேளம்னு நீருதான் சொல்லி விட்டீரு. எடுக்காம ஒத்துக்கிட்டா அம்மன் விசயத்துல வாக்கு மாறினதா ஆயிரும். எனக்கு அழுகையா வருது, ஆனாலும் வர மாட்டோம்."

தலைவர் திட்ட வாயெடுத்தார். உள்ளே சண்முகத்தாய் கையெடுத்துக் கும்பிட்டபடி நிற்பதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார். தன் ஊர்ப் பெண் அல்லவா? பேசாமல் தன் போனை எடுத்து அழைத்தார். பாயில் கிடந்த போன் அடித்தது. "வெறுங்கை!" என்று நாலு பேரும் அலறுவதற்குள் அதைத் தூக்கி, விரலால் கண்ணாடியில் ஒரே தள்ளாகத் தள்ளினார். இரண்டு காதிலும் இரண்டு போனை வைத்துக்கொண்டார்.

"ஹலோ, கொடைக்கு வாரியளா?" என்று வலது பக்கம் கேட்டார். "வாரோம்" என்று இடது பக்கம் சொன்னார். "சரி, வச்சிரட்டுமா?" என்றார். "வையும்" என்றார்.

வீட்டில் ஒரே ஆரவாரம். ஆவுடையப்பன் தலைவரின் காலில் விழப்போனார். தலைவர் கீழே கிடந்த கவரை எடுத்துப் போனில் அழுத்தி மாட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "கேட்டுக்கிடுங்க. இனிமே கவரைக் கழட்டவே கூடாது. சும்மா இருந்தாலும் சரி, சத்தம் வந்தாலும் சரி, கவரு கவராவே இருக்கணும். கொடைக்கு வரும்போதும் அப்படித்தான். என்ன?"

"உத்தரவு" என்றார்கள் நாலு பேரும்.

அவர் போன பிறகு ஆவுடையப்பன் ரொம்ப நேரம் யோசித்தார். "நேத்து வாங்கின போனுக்கே இவ்வளவு மரியாதைன்னா, எங்க அப்பா வாசிச்ச நாயனம் மட்டமா?"

"அவரு போன் கவருன்னு பிரிச்சும் சொல்லலியே அண்ணாவி. கவருன்னுதானே சொன்னாரு" என்றான் கொம்பையா.

கொடை நாளில் ஈச்சந்தாவிளையே கோயில் முன்னால் கூடியிருந்தது. மாமனார் வன்னியப்பெருமாள் முதல் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். செட்டு வந்து நின்றது. நாயனம் வெல்வெட் உறைக்குள், ஊதுகிற நுனி மட்டும் வெளியே. தவில் கித்தான் உறைக்குள். பம்பை சாக்குக்குள். தாளத்துக்கு உறை கிடையாது என்பதால் சொரிமுத்து தட்டுக்கொரு துண்டாக இரண்டு துண்டு வாங்கிச் சுற்றியிருந்தான். டவுனில் இப்போது இப்படித்தான் போல என்று ஊர் நினைத்துக்கொண்டது.

ஆவுடையப்பன் அம்மனைக் கும்பிட்டு ஊதினார். ஆயுளில் அப்படி ஊதியதில்லை. கன்னம் புடைத்தது, கழுத்து நரம்பு தெறித்தது. கொம்பையா வியர்வை கொட்டக் கொட்ட அடித்தான். வெளியே வந்ததெல்லாம் தூங்குகிற கோழி முனகுவது போல ஏதோ கொஞ்சம்.

வன்னியப்பெருமாள் மாப்பிள்ளையின் கன்னத்தைப் பார்த்தார். கொம்பையாவின் கையைப் பார்த்தார். மெதுவாகத் தன் காதைக் குடைந்தார். பக்கத்தில் இருந்தவரும் குடைந்தார். கேட்கவில்லை என்று வாய் விட்டுச் சொல்ல யாருக்கும் மனமில்லை. வயசாகிவிட்டது என்று ஊர் சொல்லிவிடுமே! சாமியாடியும் அதே பயத்தில் கொம்பையாவின் கையையே பார்த்துப் பார்த்து அடவு தப்பாமல் ஆடினார்.

சண்முகத்தாய் உறைகளைப் பார்த்தாள். "ஐயையோ" என்று கத்த வாயைத் திறந்த நேரத்தில், அவள் அப்பா பக்கத்து நாற்காலிக்காரரிடம் பேசுவது கேட்டது.

"எங்க மாப்ள மாதிரி எவன் ஊதுவான்? தம் பிடிச்சு நிக்காரு பாரும், சிங்கம்! ஆனா எனக்குத்தான் கொடுத்து வைக்கல. உம்ம பேச்செல்லாம் நல்லாக் கேக்கு. மேளம் கேக்குத நரம்பு மட்டும் காதுல அறுந்துபோச்சு போல."

"உமக்குமா?" என்றார் பக்கத்து நாற்காலிக்காரர்.

சண்முகத்தாய் திறந்த வாயை மூடிக்கொண்டாள். மூடிய வாய் சிரிப்பில் துடித்தது, கண் நிறைந்தது.

மறுநாள் காலையில் ஈச்சந்தாவிளைக் கடைகளில், காய்ச்சிக் காதில் விட ஒரு சொட்டு நல்லெண்ணெய் கிடைக்கவில்லை.