மேலே ஏறினால் ஏற்றுமதி

முன்னொரு காலத்தில், மேகம் அரண்மனைக்குள்ளேயே நுழைந்து உலாவும் உயரத்தில், நெடுங்குன்றம் என்று ஒரு நாடு இருந்தது. மாறவேள் என்ற அரசன் அதை ஆண்டான். நல்லவன்தான். ஆனால் யாராவது புகழ்ந்தால் போதும், காது குளிர்ந்து கண் மூடிவிடும். அங்கே மிளகும் ஏலமும் கொட்டிக் கிடந்தன. உப்பு, துணி, கருவாடு எல்லாம் கீழே கடற்கரைச் சீமையிலிருந்து மாட்டு முதுகில் ஏறி வந்தாக வேண்டும். போவதற்கும் வருவதற்கும் ஒரே கணவாய், அதில் ஒரு காவல் வாசல்.

ஒருமுறை அரசன் கடற்கரை மன்னன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனான். பந்தியில் அந்த மன்னன், எங்கள் துறைமுகத்தில் இந்த ஆண்டு ஏற்றுமதி கூடிவிட்டது, இறக்குமதி குறைந்துவிட்டது என்று மீசையை முறுக்கினான். நம் அரசனுக்கு ஒன்றும் புரியவில்லை. கேட்டால் கௌரவம் என்ன ஆவது? தலையை மட்டும் பலமாக ஆட்டிவிட்டு வந்தான். ஊர் திரும்பியதும் சுங்க அதிகாரி பூதலிங்கரைக் கூப்பிட்டு, இனி வருஷா வருஷம் நம் நாட்டு ஏற்றுமதி இறக்குமதி நிலவரத்தைச் சபையில் அறிவிக்க வேண்டும் என்று கட்டளையிட்டான்.

பூதலிங்கர் கப்பலைக் கண்ணால் பார்த்தவரில்லை. அமைச்சர் செங்கோடரைக் கேட்டிருக்கலாம். ஆனால் செங்கோடர் பெயரைக் கேட்டாலே அவருக்கு வயிறு எரியும். எனவே கணவாயில் போய் நின்று பார்த்தார். மலைமேல் ஏறி வருவது ஏற்றுமதி, மலையை விட்டு இறங்குவது இறக்குமதி என்று தாமே முடிவு கட்டிவிட்டார்.

ஆண்டு முடிவில் சபை கூடியது. இந்த ஆண்டு உப்பு, பட்டு, கருவாடு மூன்றிலும் நம் ஏற்றுமதி சக்கைப்போடு போடுகிறது என்று பூதலிங்கர் முழங்கினார்.

"கருவாடா? அது நம் நாட்டில் எங்கே விளைகிறது?" என்று அரசன் கேட்டான்.

"தங்கள் ஆட்சியில் எதுதான் விளையாது, மன்னா?"

அரசன் குளிர்ந்துபோய், 'ஏற்றுமதித் திலகம்' என்று அவருக்குப் பட்டம் கொடுத்துப் பட்டுச் சால்வையும் போர்த்தினான். இறக்குமதிதான் உதைக்கிறது, மிளகும் ஏலமும் ஏராளமாக இறக்குமதி ஆகின்றன என்று அவர் இழுத்ததும், அதை அடியோடு தடை செய்தான். செங்கோடர் பதறி எழுந்தார். அது வெளியே விற்கப் போகும் சரக்கு, அதை நிறுத்தினால் குடிகள் பிழைக்க முடியாது என்று சொல்லிப் பார்த்தார்.

"பார்த்தீர்களா மன்னா, அமைச்சர் இறக்குமதிக்கு வக்காலத்து வாங்குகிறார்" என்று பூதலிங்கர் ஒரே போடாகப் போட்டார்.

இந்த இடத்தைச் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் நாக்கு அழுகிவிடுமா?

மிளகு மூட்டைகள் காவல் வாசலில் முடங்கின. மழை பிடித்துக்கொண்டது, மூட்டைகளில் பூசணம் பூத்தது. பதிலுக்குக் கொடுக்க மிளகு இல்லாதவர்களுக்கு எந்த வியாபாரி உப்பு தருவான்? ஏறி வந்த மாடுகளும் நின்றுபோயின. ஊரே உப்பில்லாத கஞ்சியைக் குடித்தது. அடுத்த ஆண்டு சபையில், ஏற்றுமதி பூஜ்யம் என்று கேட்டதும் அரசன் சீறினான். வியாபாரிகளை வரவிடாமல் கெடுத்ததே செங்கோடர்தான் என்று பூதலிங்கர் பழியைத் தூக்கி அவர் தலையில் போட்டார்.

"பொழுது சாய்வதற்குள் அமைச்சர் நாட்டை விட்டு வெளியேற வேண்டும். மீறினால் தலை இருக்காது" என்றான் அரசன்.

செங்கோடர் கணவாய்க்கு நடந்தார். காவலர்கள் கலங்கிய கண்ணோடு வழிவிட்டார்கள். அவர் நகரவில்லை.

"தம்பி, நான் இப்போது ஏறப்போகிறேனா, இறங்கப்போகிறேனா?"

"எறங்கப் போறீங்க ஐயா."

"மலையை விட்டு இறங்கினால் அதற்கு என்ன பெயர்?"

காவலன் தலையைச் சொறிந்தான். "இறக்குமதிங்க. அடடா, அத விட்டா எங்க தலையில்ல போகும். வாங்கய்யா, நீங்களே ராசாகிட்ட சொல்லுங்க" என்று கதவைச் சாத்தி, அவரைச் சபைக்கே கூட்டி வந்துவிட்டான்.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ஏன் போகவில்லை என்று அரசன் கத்தினான்.

"தங்கள் தடை என்னை விடவில்லை, மன்னா. நான் இறக்குமதியாம்" என்றார் செங்கோடர்.

சபை வாயைப் பொத்திக்கொண்டது. "வெளியே அனுப்புகிற ஆள் எப்படி ஐயா இறக்குமதி ஆவார்?" என்று அரசன் பூதலிங்கர் பக்கம் திரும்பினான். எங்கே செங்கோடர் தப்பிவிடுவாரோ என்ற அவசரத்தில் பூதலிங்கர் துள்ளி எழுந்தார்.

"வெளியே அனுப்புவது ஏற்றுமதிதான், மன்னா. தாராளமாக அனுப்பலாம்."

"நன்றி, திலகமே" என்றார் செங்கோடர். "அப்படியானால் இதே வழியில் வெளியே போன மிளகும் ஏற்றுமதிதானே? எதிரே உள்ளே வந்த உப்புக்கு என்ன பெயர்?"

அரசன் முகம் மெல்ல வெளுத்தது.

"அப்படியென்றால் நாம் தடுத்தது..."

"நம் குடிகளின் சோற்றை, மன்னா."

அரசன் சிம்மாசனத்தை விட்டு இறங்கி வந்தான். "அந்தக் கல்யாணப் பந்தியிலேயே எனக்குப் புரியவில்லை. கேட்க வெட்கப்பட்டேன். இத்தனை நாள் நான் இறக்கி வைத்தது என் மதியைத்தான்" என்று எல்லார் முன்னாலும் சொன்னான். பூதலிங்கரின் தோளில் கிடந்த பட்டுச் சால்வையை உருவிச் செங்கோடருக்குப் போர்த்தினான். திலகத்துக்குச் சபையின் கடைசி வரிசையில் இடம் கிடைத்தது.

மறுநாள் அரசனே போய்க் காவல் வாசலைத் திறந்துவிட்டான். புது மிளகு சுமந்த மாடுகள் மணியாட்டிக்கொண்டு இறங்கின. உப்பு ஏறி வந்தது. நெடுங்குன்றமே கூத்தாடியது.

இந்தச் சபையில் இனி 'போனது', 'வந்தது' என்று சொன்னால் போதும் என்றும் அரசன் உத்தரவு போட்டான். ஆண்டு முடிவில் செங்கோடர் எழுந்து, போனது அதிகம், வந்தது குறைவு என்று அறிவித்தார். சபை எழுந்து நின்று ஆரவாரம் செய்தது.

கடைசி வரிசையில் பூதலிங்கரும் எல்லாரையும் விடப் பலமாகக் கைதட்டினார். தட்டிக்கொண்டே பக்கத்தில் இருந்தவர் காதில் குனிந்து, "இது நல்லதா, கெட்டதா?" என்று கேட்டார்.