அடைத்த வடிகால்

கோரைக்குளத்தின் வடகரையில் ஈட்டியப்பன் என்ற முள்ளம்பன்றி வளை தோண்டிக் குடியிருந்தது. ஏழு மழைக்காலத்தை அந்த வளையிலேயே கழித்த முள்ளம்பன்றி அது. ஒருநாள் காலையில் மேற்கு மலையிலிருந்து ஒரு கொக்கு சேதி கொண்டுவந்தது.

“உவர்மண் பள்ளத்துக்குக் காவல் வேலை காலியா இருக்கு. யானைத் தலைவி உங்களைத்தான் கேட்டாங்க. பௌர்ணமிக்குள்ள வந்து நிக்கணும். வரலைன்னா அந்த வேலை காட்டுப்பன்றிக்குப் போயிடும்” என்றது கொக்கு.

ஈட்டியப்பனுக்கு உடம்பிலிருந்த முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. மலையில் இருக்கும் அத்தனை மிருகமும் உப்புக்காக நாக்கை நீட்டிக்கொண்டு வரும் இடம் அந்தப் பள்ளம். அதற்குக் காவல் என்றால் சும்மாவா? யானைகூட வழிவிட்டுப் போகும். இந்தக் குளக்கரையில் இத்தனை வருஷமாக ஈட்டியப்பனை யாரும் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை. ‘முள்ளு மூட்டை’ என்றுதான் கூப்பிட்டார்கள்.

பௌர்ணமிக்கு எட்டு நாள்தான் இருந்தது. மலைக்கு மூன்று நாள் நடை. வழி முழுக்க வெறும் பாறை, கடிக்க ஒரு வேர்கூடக் கிடைக்காது. வழிச்சாப்பாட்டுக்கு ஒரே வழி, வளையை யாருக்காவது கொடுப்பது. வளையை வாங்கிக்கொள்பவர் கொடுத்துவிட்டுப் போகிறவருக்கு ஒரு மூட்டை கிழங்கு தருவது அந்தக் காட்டின் வழக்கம். ஆளில்லாமல் போட்டுவிட்டுப் போனால் மறுநாளே நரி புகுந்துகொள்ளும்.

ஆனால் இன்னொரு வழக்கமும் இருந்தது. அந்தக் காட்டில் யாரும் ஒரு மழை பார்க்காமல் வளை வாங்க மாட்டார்கள். ஒரு மழை பெய்யும்போது உள்ளே வந்து உட்கார்ந்து பார்ப்பார்கள். பிறகுதான் கிழங்கு கைமாறும். அந்த வருஷம் ஐப்பசி பிறந்தும் வானத்தில் ஒரு மேகத்தைக் காணோம். மழைக்காகக் காத்திருந்தால் வேலை போய்விடும்.

ஈட்டியப்பன் சொக்கி மைனாவைக் கூப்பிட்டு அனுப்பியது. அந்தப் பக்கத்தில் பொந்தோ வளையோ எது கைமாறினாலும் நடுவில் சொக்கி இருக்கும். தத்தித் தத்தி வளைக்குள் வந்து, கழுத்தைச் சாய்த்து நாலு பக்கமும் பார்த்தது.

“அண்ணே, வளை நல்ல வளைதான். ஆனா இப்படிக் கெடந்தா யாரு வாங்குவா? வாசல்ல இந்த எலும்புக் குவியல் எதுக்கு?”

“பல்லுக்கு நல்லதுன்னு கடிக்கிறது” என்றது ஈட்டியப்பன்.

“எல்லாத்தையும் ஓடையில தள்ளுங்க. உதிர்ந்த முள்ளைப் பொறுக்குங்க. சுவத்துக்குச் செம்மண் பூசுங்க. தரையில நொச்சி இலையைப் பரப்புங்க. உள்ள வர்றவங்களுக்கு முதல்ல மூக்கு நெறையணும், அப்புறம்தான் கண்ணு.”

சொல்லிக்கொண்டே பின்பக்கத்து மூலைக்குப் போன சொக்கி சட்டென்று நின்றது. சுவரும் தரையும் சேரும் இடத்தில் ஒரு துவாரம். உள்ளிருந்து ஓடைப் பக்கமாகச் சரிந்து போயிருந்தது.

“இது என்ன ஓட்டை?”

“வடிகால். மழை ரெண்டு நாள் சேந்தாப்புல பெஞ்சா குளம் ஏறும். பின்சுவத்துல தண்ணி கசியும். இது வழியா ஓடைக்குப் போயிடும். இதைத் தோண்டினதுலேந்து என் கால்கூட நனைஞ்சதில்ல.”

சொக்கி தலையை ஆட்டியது. “வடிகாலைப் பாத்தா எதுக்கு வடிகால்னு கேப்பாங்க. தண்ணி வரும்னு நீங்க சொல்லணும். தண்ணி வரும்னா, சரி, ஒரு மழை பாத்துட்டு வாங்கிக்கிறோம்பாங்க. அப்புறம் உங்க வேலையைக் காட்டுப்பன்றி பாக்கும்.”

ஈட்டியப்பன் துவாரத்தைப் பார்த்தது. அந்த வடிகாலை அது முதல் வருஷ மழையில், கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு தோண்டியது. நகம் இரண்டு பெயர்ந்துபோனது. அதன் பிறகு வருஷா வருஷம் புரட்டாசி கடைசியில் அதில் விழுந்த இலையைத் தள்ளிவிடும். அதற்குமேல் அந்த வளைக்குச் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை.

மறுநாள் அது களிமண் உருட்டிவந்து வடிகாலை இறுக அடைத்தது. மேலே செம்மண் பூசியது. அதன்மேல் நொச்சி இலையைக் குவித்தது. தள்ளி நின்று பார்த்தபோது அங்கே ஒரு துவாரம் இருந்ததே அதற்கு மறந்துபோகும்போல இருந்தது.

நாலு நாள் கழித்து சொக்கி ஒரு முயலை அழைத்துக்கொண்டு வந்தது. மருதாயி என்று பெயர். வயிறு தரையைத் தொட்டது. முயலுக்கு மண் தோண்டத் தெரியாது, புதரில் பிறந்து புதரிலேயே குட்டி போடுகிற சாதி. மருதாயி அதற்கு முன் எந்த வளைக்குள்ளும் காலெடுத்து வைத்ததில்லை.

உள்ளே வந்ததும் மேலே பார்த்தது. வெகுநேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தது.

“போன தடவை புதர்லதான் போட்டேன், அண்ணா. பருந்து ஒண்ணைக்கூட விடல. இந்தத் தடவையாவது அதுங்க தலைக்கு மேல ஒரு கூரை இருக்கணும்னு பாக்குறேன்.”

“கூரை கல்லு மாதிரி, தங்கச்சி. பருந்து என்ன, பருந்தோட நெழல்கூட உள்ள வராது” என்றது ஈட்டியப்பன். அதில் பொய் எதுவும் இல்லை.

மருதாயி நொச்சி வாசனையை முகர்ந்தது. செம்மண் சுவரை மீசையால் தொட்டுப் பார்த்தது. பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டது. “ஒரு மழை பாத்துட்டு வாங்கணும்னு எல்லாரும் சொல்றாங்க. மழைக்கு இது எப்படிண்ணா?”

ஈட்டியப்பன் சொக்கியைப் பார்த்தது. சொக்கி இறக்கையைக் கோதிக்கொண்டிருந்தது.

“மழையா? மண் வாசனை வரும், அவ்வளவுதான்” என்றது ஈட்டியப்பன்.

“நரிகூடக் கேட்டிருக்கு. இன்னைக்கு சாயங்காலம் வர்றதாப் பேச்சு” என்று சொக்கி எடுத்துக்கொடுத்தது.

அன்றைக்கே கிழங்கு கைமாறியது. எலிகளுக்கு நாளெல்லாம் புல் அறுத்துக் கொடுத்து மருதாயி சேர்த்து வைத்திருந்த கிழங்கு அது. ஈட்டியப்பன் மூட்டையை முள்ளில் மாட்டிக்கொண்டு கிளம்பியது. வாசலில் நின்று மருதாயி, “நீங்க நல்லா இருக்கணும், அண்ணா” என்றது. ஈட்டியப்பன் திரும்பிப் பார்க்காமல் நடந்தது.

வழியில் ஒரு கிழங்கு தின்றது. இரண்டாவது இறங்கவில்லை. ‘மழை இந்த வருஷம் பெய்யாமலே போகலாம்’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. இரண்டு நாள் தொடர்ந்து பெய்தால்தானே கசியும் என்று சொல்லிக்கொண்டது. சொக்கி சொல்லித்தானே செய்தோம் என்றும் சொல்லிப் பார்த்தது. அடைத்த கை சொக்கியுடையது அல்ல என்பது அதற்குத் தெரிந்தே இருந்தது.

பௌர்ணமியன்று காலையில் மலைக்குப் போய்ச் சேர்ந்தது. யானைத் தலைவி தும்பிக்கையை உயர்த்தி, “வா, ஈட்டியப்பா” என்று பெயர் சொல்லி அழைத்தது. பள்ளத்தைச் சுற்றி நின்ற மான்கள் விலகி வழிவிட்டன. ஆசைப்பட்டது அத்தனையும் கண்ணெதிரே இருந்தது.

வேலையை விட்டுப் போகிற பழைய காவல்காரர் ஓர் உடும்பு. தன் வளையைக் காட்ட ஈட்டியப்பனைக் கூட்டிக்கொண்டு போனது. “உன்கிட்ட இருக்கிற கிழங்கைக் குடு, போதும். வளை புத்தம் புதுசு மாதிரி.”

உள்ளே நுழைந்த ஈட்டியப்பனுக்கு முதலில் மூக்குதான் நிறைந்தது. நொச்சி. சுவரெல்லாம் புதுச் செம்மண், இன்னும் ஈரம்கூடக் காயவில்லை. பின்பக்கத்து மூலையில் இலை கொஞ்சம் கூடுதலாகக் குவிந்திருந்தது.

ஈட்டியப்பன் உடும்பின் பக்கம் திரும்பியது. “மழைக்கு எப்படி?” என்று கேட்டது.

உடும்பு கண்ணைச் சிமிட்டாமல் சொன்னது. “மழையா? மண் வாசனை வரும், வேற ஒண்ணும் வராது.”

ஈட்டியப்பன் இலையை ஒதுக்கவில்லை. அங்கே என்ன இருக்கும் என்று பார்க்க அதற்கு அவசியமே இருக்கவில்லை. வெளியே வந்து கிழக்கே பார்த்தது. கோரைக்குளத்துப் பக்கம் வானம் கருத்துக் கிடந்தது. கரும்பாறைமேல் கரும்பாறை ஏற்றியதுபோல் மேகம். அடியில் சாம்பல் நிறத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

“தலைவி, நான் திரும்பிப் போகணும்.”

“போனா இந்த வேலை உனக்கு இல்லை” என்றது யானைத் தலைவி. கோபமாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னது.

“தெரியும்” என்று சொல்லிவிட்டு முள்ளம்பன்றி ஓடத் தொடங்கியது.

முள்ளம்பன்றிக்கு ஓட்டம் வராது. குட்டைக்கால். பாறையில் உள்ளங்கால் கிழிந்தது. இரண்டாம் நாள் மழை அதை எதிர்கொண்டு வந்து அடித்தது. மூன்று நாள் நடையை இரண்டு நாளில் கடந்தது. ‘இன்னும் கசிந்திருக்காது, இன்னும் கசிந்திருக்காது’ என்று ஒவ்வோர் அடிக்கும் சொல்லிக்கொண்டே வந்தது.

குளம் கரை தொட்டு நின்றது. வளை வாசலுக்குப் பக்கத்துக் காரைப் புதரடியில் மருதாயி உட்கார்ந்திருந்தது. வயிற்றுக்கடியில் மூன்று குட்டிகள் நடுங்கிக்கொண்டிருந்தன. ஈட்டியப்பனைப் பார்த்து மருதாயி எழவில்லை.

“நீங்க போன மறுநாளே பொறந்துச்சுங்க. நாலு” என்றது. “நேத்து சாயங்காலம் சுவத்துலேந்து தண்ணி வந்துச்சு. முதல்ல கொஞ்சம்தான். போயிடும்னு நெனச்சேன். போகவே இல்ல. ஒவ்வொண்ணா வாயில கவ்விக்கிட்டு வந்தேன். மூணாவதை வெச்சுட்டுத் திரும்பிப் போனேன். தலைக்கு மேல போயிருச்சு, அண்ணா.”

அப்போதும் அது அண்ணா என்றுதான் கூப்பிட்டது. ஈட்டியப்பனுக்கு அந்த ஒரு சொல்லைத் தாங்க முடியவில்லை.

வளைக்குள் இறங்கியது. தண்ணீர் கழுத்துவரை வந்தது. முதல் வருஷம் நின்ற அதே இடத்தில் நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கி, மூலையைத் தடவியது. செம்மண் கரைந்து போயிருந்தது. தன் கையால் அடைத்த களிமண் மட்டும் அப்படியே இறுகி நின்றது. நகத்தால் நாலு கீறு கீறியது. ஐந்தாவது கீறலில் களிமண் பொத்துக்கொண்டது.

தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடைக்கு இறங்கியது. நொச்சி இலைகள் சுற்றிச் சுற்றித் துவாரத்துக்குள் போயின. சற்று நேரத்தில் தரை தெரிந்தது. தரை தெரிந்த இடத்தில், சுவரோரம், உள்ளங்கையளவுகூட இல்லாத ஒரு குட்டி ஒருக்களித்துப் படுத்திருந்தது.

மருதாயி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. குட்டியைப் பார்த்தது. பிறகு துவாரத்தைப் பார்த்தது.

“இவ்வளவுதானா?” என்றது.

“இவ்வளவுதான்” என்றது ஈட்டியப்பன்.

“இது இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் நான் இந்த வளையை வாங்கியிருப்பேனே. எனக்குக் கூரைதானே வேணும். தண்ணி வந்தா போறதுக்கு ஒரு வழி இருக்குன்னா, அது போதாதா எனக்கு? எதுக்கு மறைச்சீங்க?”

ஈட்டியப்பனுக்குப் பௌர்ணமி, வேலை, காட்டுப்பன்றி என்று சொல்ல எத்தனையோ இருந்தது. எதைச் சொன்னாலும் அந்தக் குட்டிக்கு முன்னால் நிற்காது.

மருதாயி மற்ற மூன்றையும் ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுவந்து உலர்ந்த மேட்டில் வைத்தது. மழை மேலும் நாலு நாள் பெய்தது. சுவர் கசிந்தது, தண்ணீர் வடிகாலில் போனது, யாருக்கும் கால் நனையவில்லை.

மலையில் வேலை காட்டுப்பன்றிக்குப் போனது. ஈட்டியப்பன் அதே கரையில் கொஞ்சம் தள்ளி ஒரு சின்னக் குழி தோண்டிக்கொண்டது. மருதாயி அதோடு பிறகு ஒருநாளும் பேசவில்லை. ஆனாலும் வருஷா வருஷம் புரட்டாசி கடைசியில் முள்ளம்பன்றி ஓடைப் பக்கமாக வந்து, வடிகாலில் விழுந்த இலையைத் தள்ளிவிட்டுப் போகும். சொக்கி மைனா யாரையாவது வளை பார்க்க அழைத்து வந்தால் தன் குழியிலிருந்து ஏறி வந்து அவர்கள் முன்னால் நிற்கும். “மூக்கை மூடிக்கிட்டு மூலையைப் பாருங்க” என்று சொல்லும்.

குறையுள்ள வீட்டில் குறையைத் தெரிந்துகொண்டு பத்திரமாக வாழலாம். விற்கிற அவசரத்தில் மறைத்த குறைதான் நம்பி வந்தவரின் உயிரைக் குடிக்கும்.