வயரின் மற்ற முனை

"வயரெல்லாம் நிறத்துக்கு நிறம் சரியாத்தான் பூட்டினனான், ரீச்சர். ஒரு பிழையும் இல்லை. ஆனா வீடு சூடாகேல்லை."

பஞ்சலிங்கம் கதவைத் திறந்தபடியே முறையிட்டார். உடம்பில் இரண்டு ஜம்பர், தலையில் குரங்குத் தொப்பி.

ஜெயவதனி சப்பாத்தைக் கழற்றினாள். தரையில் கால் பட்டதும் திரும்பவும் போட்டுக்கொண்டாள்.

அவளுக்கு முப்பத்திரண்டு வயது. ஸ்காபரோவில் வீட்டு ஹீற்றர் பூட்டுவதும் திருத்துவதும் அவள் தொழில். சனிக்கிழமைகளில் அதையே வகுப்பாக எடுப்பாள்.

அவருக்கு அறுபத்தொன்று. ஊரில் பத்தொன்பது வருடம் பள்ளிக்கூட அதிபர். இங்கே அவளுடைய மாணவர்.

அவர் அவளை ரீச்சர் என்பார். அவள் அவரைச் சேர் என்பாள். பார்க்கிறவர்களுக்குத்தான் குழப்பம்.

"மகள் எங்க, சேர்?"

"குழந்தையைத் தூக்கிக்கொண்டு மச்சாள் வீட்டை போயிட்டாள். ஆரப்பா உங்களை இதில கை வைக்கச் சொன்னது எண்டு நேற்றுப் பின்னேரம் கத்தினாள். புதுப் பெட்டி வாங்கிப் பூட்டினதே அவளுக்காகத்தான். எனக்கு மனசு விட்டுப்போச்சு."

"உங்களைக் கூப்பிடேல்லையோ?"

"கூப்பிட்டாள். நான் மாட்டன் எண்டிட்டன்."

ஒற்றைக் காலில் நின்றிருப்பார். மனுசன் அப்படித்தான்.

மேசையில் போன் அதிர்ந்தது. ஆரணி என்று மகளின் பெயர் விழுந்தது. அவர் அதைக் கவிழ்த்து வைத்தார்.

"காலமையிலயிருந்து மூண்டாம் தரம். இன்னும் பேச்சு வாங்க எனக்குத் தெம்பில்லை."

ஜெயவதனி சுவர்ப் பக்கம் போனாள். சூட்டைக் கூட்டிக் குறைக்கும் அந்தப் புதுப் பெட்டியைச் சுவரிலிருந்து மெல்லக் கழற்றினாள். அதன் திரை கறுத்துக் கிடந்தது.

"பழசைக் கழற்றேக்க எந்த வயர் எந்த எழுத்தில நிண்டது?"

"அதைப் பாக்கேல்லை. எல்லாம் புத்தகத்தில இருக்கே. வெள்ளை டபிள்யூவுக்கு, அது சூடு கேக்கிற வயர். நீலம் சீ எண்ட எழுத்துக்கு, அது மின்சாரம் திரும்பிப் போற வயர்."

"புத்தகம் எழுதினவர் இந்த வீட்டுக்கு வந்தவரோ?"

அவர் தொப்பியைச் சரிசெய்தார்.

"வயருக்கு எத்தனை முனை, சேர்?"

"ரெண்டு."

"நீங்கள் எத்தனையைப் பாத்தனீங்கள்?"

பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பிள்ளைகள் அவர் முன்னால் நின்ற மாதிரி இப்போது அவர் நின்றார்.

"ஒண்டு."

"வாங்கோ."

கீழ்த்தளத்தில் ஒரு மூலையில் ஹீற்றர். மற்ற மூலையில் பஞ்சலிங்கத்தின் கட்டில், அதில் மூன்று போர்வை. மூச்சு விட்டால் புகை வந்தது. ஜெயவதனி அந்தக் கட்டிலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பாவமாக இருந்தது அவளுக்கு.

சுவிச்சை நிறுத்தினாள். ஹீற்றரின் மூடியைத் திறந்து, டோர்ச்சை அவர் கையில் கொடுத்தாள்.

"வாசியுங்கோ."

அவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றினார். "டபிள்யூவில நீலம். சீயில... வெள்ளை."

இரண்டாந்தரமும் வாசித்தார். எழுத்து மாறவில்லை.

"முந்திப் பூட்டினவன் மாறிப் பூட்டியிருக்கிறான். அவன்ர பிழை."

"ரெண்டு முனையிலயும் ஒரே மாதிரித்தான் பூட்டினவன், சேர். பதினைஞ்சு வருசம் வீடு சூடாத்தானே இருந்தது. நிறம் வயருக்குப் போட்ட சட்டை. எந்தச் சட்டை கையில கிடைச்சதோ அதைப் போட்டிருப்பான்."

"நீங்கள் மேல மட்டும் மாத்தினதில இது எரிஞ்சிட்டுது" என்று சின்னப் பியூஸை எடுத்துவிட்டுப் புதியதைச் செருகினாள்.

"இப்ப மேல போய் நீங்களே மாத்துங்கோ."

அவரே மாற்றினார். விறைத்த விரலுக்கு அந்தச் சின்னத் திருகாணிகள் அடங்கவில்லை. ஆனாலும் மாற்றினார். "சரி, ரீச்சர்" என்று கீழே நின்றவளுக்குக் கேட்கக் கத்தினார்.

அவள் சுவிச்சைப் போட்டாள். திரை வெளித்தது. கொஞ்சத்தில் ஹீற்றர் உறுமியது. தரையிலிருந்த துவாரத்தால் இளஞ்சூடாகக் காற்று வந்தது.

பஞ்சலிங்கம் அதன் மேலேயே போய் நின்றார்.

அவள் மேலே வந்து, புறப்பட ஜாக்கெற்றைப் போடுகையில் போன் திரும்பவும் அதிர்ந்தது. கவிழ்ந்தபடியே மேசையில் நகர்ந்தது.

அவர் அதைப் பார்த்தார். பிறகு ஜெயவதனியைப் பார்த்தார்.

அவள் இரண்டு விரலைக் காட்டினாள்.

அவர் போனை எடுத்தார்.

"நான் உன்ர நன்மைக்குத்தான்..." என்று அதிபர் குரலில் தொடங்கினார். நிறுத்தினார்.

"இல்லை. நீ சொல்லு, பிள்ளை. அப்பா கேக்கிறன்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் அழுகைதான் கேட்டது.

"கீழ கிடந்து குளிரில செத்துப்போயிட்டீங்களோ எண்டு பயந்திட்டன், அப்பா."