பெயர் சொல்லிப் பரிமாறும் மடம்

மலையடிவாரத்தில் இருந்த அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. பந்தியில் உட்கார்ந்தவரைப் பெயர் சொல்லி அழைத்த பிறகுதான் இலையில் சோறு விழும். புதிதாக வந்தவரிடம் முதல் நாள் மட்டும் பெயர் கேட்டுக்கொள்ளலாம். அதற்குப் பிறகு பரிமாறுகிறவர்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

வெகுகாலமாக அந்த வேலை வடிவாம்பாளுடையது. அவளுக்கு அறுபது வயது. குரு தில்லைச்சாமிக்கு அதில் பாதிதான் இருக்கும். அவள் அவரைச் சாமி என்பாள். அவர் அவளை அம்மா என்பார்.

ஒரு திங்கட்கிழமை, ஆடு மேய்க்கிற ஒருவர் முன்னால் கரண்டியோடு நின்றவளுக்குப் பெயர் வரவில்லை. முகம் தெரிகிறது. வாராவாரம் வருகிறவர் என்பதும் தெரிகிறது. பெயர் மட்டும் தொண்டைக்கும் நாக்குக்கும் நடுவில் எங்கேயோ உட்கார்ந்துகொண்டது. அடுத்த இலைக்காரர் இருமினார். ஆடு மேய்க்கிறவரே எடுத்துக்கொடுத்தார்.

"மாசிலாமணிங்க. போன வாரமும் அதே பேருதான்."

பந்தியே சிரித்தது. வடிவாம்பாளும் சிரித்தாள்.

அவளுடைய அம்மாவுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் அக்கம்பக்கத்தார் பெயர்கள் போயின. பிறகு பெற்ற பிள்ளைகளின் பெயர்கள். கடைசியில் தலைவாரிவிட்ட வடிவாம்பாளையே திரும்பிப் பார்த்து, "நீ யாரு வீட்டுப் பொண்ணும்மா?" என்று கேட்டாள்.

பாத்திரம் கழுவி முடித்ததும் கரண்டியைத் தூக்கிக்கொண்டு சாமியிடம் போனாள். அவர் குருபூசைப் பந்தலுக்குக் கீழே நின்றிருந்தார். சமையலுக்கு வந்த பூசணிக்காய் ஒன்றைக் குறுக்குக் கழியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

"இந்தாங்க சாமி. வேற யார்கிட்டயாவது குடுத்துடுங்க. நான் தம்பி வீட்டுக்குப் போறேன்."

"உங்க தம்பி வீட்டுச் சமையல் நல்லா இருக்குமா?"

"கேலி பண்ணாதீங்க. மூளைக்குள்ள ஒண்ணோட ஒண்ணைக் கோத்து வெச்சிருக்கிற இழையெல்லாம் வயசானா தளர்ந்துபோகுமாம். டவுன் டாக்டர் சொன்னார். எல்லாருக்கும் கொஞ்சம் இருக்கிறதுதான், பயப்படாதீங்கன்னும் சொன்னார். பயப்படாம எப்படி இருக்கிறது? ஒரு நாள் உங்க முகமே மறந்துட்டா?"

"அது ஒண்ணும் பெரிய நஷ்டமில்லை."

சாமி அரிவாளை எடுத்தார். பந்தல்காலைக் கழியோடு கட்டியிருந்த கயிறுகளில் ஒன்றை அறுத்தார்.

"என்ன சாமி பண்றீங்க?"

பந்தல் முனகியது. விழவில்லை. பக்கத்துக் காலில் இன்னொரு கயிற்றை அறுத்தார். கொஞ்சம் சாய்ந்தது. அப்படியே நின்றது.

பிறகு பூசணிக்காயின் கயிற்றை அறுத்தார். அது பொத்தென்று விழுந்து பிளந்து, வடிவாம்பாளின் புடவையெல்லாம் விதை தெறித்தது.

"இது மட்டும் ஏம்மா விழுந்துச்சு?"

"ஒத்தைக் கயிறுல தொங்கினா விழாம என்ன செய்யும்?"

"மாசிலாமணியைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

அவள் யோசித்தாள். "பேரு தெரியும். அதுவும் இன்னிக்கு இல்லை."

சாமி பூசணித் துண்டுகளைப் பொறுக்கி அவள் முந்தானையில் போட்டார். "நாளைக்குக் கூட்டு வெச்சுடுங்க." கரண்டியை அவர் கடைசிவரை வாங்கவே இல்லை.

மறுநாளிலிருந்து வடிவாம்பாள் பந்திக்கு முன்னாலேயே வந்து, காத்திருப்பவர்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். எந்த ஊர், எந்தக் காய் பிடிக்காது, யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்று ஒவ்வொருவராகக் கிளறினாள். சோறு தாமதமானது. கூச்சல் அதிகமானது. யாரும் குறை சொல்லவில்லை.

அடுத்த திங்கட்கிழமை மாசிலாமணியின் இலைக்கு முன்னால் நின்றாள். பெயர் உடனே வரவில்லை. பந்திக்கு முன்னால் அவர் சொன்ன கதையின் நாய் நினைவுக்கு வந்தது. நாய்க்குப் பயந்து அவர் ஏறிய வேப்பமரம் வந்தது. அவரை இறக்க ஏணி கொண்டுவந்த மாமியார் வந்தாள். மாமியார் போட்ட கூச்சலில் பெயரும் கூடவே வந்துவிட்டது.

"மாசிலாமணி, மரம் ஏறினவரே, சோறு போடவா?"

"பேரோட நிறுத்தியிருக்கலாம்மா."

பந்தி சிரித்து ஓய வெகுநேரம் ஆனது.

குருபூசை முடிந்தது. சாமி பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார். கயிறுகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்து கீழே விழுந்தன. வடிவாம்பாள் அவற்றைச் சுருட்டினாள். கடைசிக் கயிறு கைக்கு வந்தபோது சுருட்டுவதை நிறுத்தினாள்.

"சாமி, ஒரு நாள் எல்லாக் கயிறும் இப்படி அவிழ்ந்துட்டா? என் பேரே எனக்கு மறந்துட்டா?"

சாமி அவள் கையிலிருந்த கயிற்றை வாங்கிச் சுருட்டி முடித்தார்.

"நம்ம மடத்துல பேரை ஞாபகம் வெச்சுக்கிறது இலை முன்னாடி உட்கார்ந்தவங்க வேலையாம்மா? பரிமாறுறவங்க வேலைதானே?"