விடுவி என்றொரு கட்டளை

"என்ன எழுதினாலும் அதுக்குப் புரியல மேடம்," என்றார் தாணு. "எனக்குப் பயமா இருக்கு."

ஜெசிந்தா திரையிலிருந்து கண்ணை எடுத்தாள்.

அவரைவிடப் பதினைந்து வயது சின்னவள். ஆனாலும் ஏஐ ஏஜென்ட்டுகளை வேலைக்குப் பழக்குவதில் அந்த நாகர்கோவில் அலுவலகத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. தாணு அவளிடம் தானே கேட்டுச் சேர்ந்த மாணவர். தலை நரைத்த மாணவர்.

"என்னண்ணே ஆச்சு?"

ஆனது இதுதான்.

ஓர் ஆஸ்பத்திரியின் ரத்த வங்கிக்குத் தாணு மென்பொருள் எழுதியிருந்தார். அதை இப்போது ஓர் ஏஜென்ட் இயக்குகிறது. மென்பொருளில் உள்ள ஒவ்வொரு கருவியும், அதாவது ஒவ்வொரு கட்டளையும், என்ன செய்யும் என்று தாணு எழுதிவைத்த குறிப்பைப் படித்து, எந்த வேலைக்கு எதை எடுப்பது என்று அதுவே முடிவு செய்யும்.

அன்று காலை ஓர் அறுவை சிகிச்சை தள்ளிப்போனது. அந்த நோயாளிக்கென்று ஒதுக்கியிருந்த இரண்டு பை ரத்தத்தை இனி யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று ஏஜென்ட்டிடம் சொன்னார்கள்.

அது 'விடுவி' என்ற கருவியை எடுத்தது.

தாணுவின் மனதில் விடுவி என்றால், குளிர்பெட்டியிலிருந்து எடுத்து வார்டுக்கு அனுப்பு என்று அர்த்தம். கட்டளை வந்ததும் ஊழியர்கள் எடுத்து அனுப்பிவிட்டார்கள். ஆளில்லாத கட்டிலுக்குப் பக்கத்தில், மேசைமேல் பைகள் கிடந்தன. யாரோ கவனித்தபோது அரை மணிக்கு மேல் ஆகியிருந்தது. அவ்வளவு நேரம் வெளியே இருந்த ரத்தத்தைத் திரும்ப உள்ளே வைக்கக் கூடாது. கொட்டத்தான் வேண்டும்.

ஓ நெகட்டிவ்.

பத்து மணிக்குப் பிரசவமான ஒரு பெண்ணுக்கு அதே ரத்தம் அவசரமாகத் தேவைப்பட்டது. மார்த்தாண்டத்திலிருந்து வண்டியில் வரவழைத்தார்கள்.

"பிழைச்சிட்டா," என்றார் தாணு. "ஆனா வண்டி வர்ற வரைக்கும் அவ வீட்டுக்காரன் வராந்தாவுல நின்னான் மேடம். நான் அவன் பக்கத்துல நின்னேன். நான் யாருன்னு அவனுக்குத் தெரியாது."

ஜெசிந்தா நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள்.

"ஏஜென்ட்டை நிறுத்திரவா?"

"குறிப்பைக் காட்டுங்க."

காட்டினார். 'விடுவி: ஒதுக்கிய ரத்தப் பையை விடுவிக்கும்.' அதற்குக் கீழே, 'நிலை மாற்று: பையின் நிலையை மாற்றும்.'

"காலையில எடுத்திருக்க வேண்டியது இந்த ரெண்டாவது," என்றார் தாணு. "எவ்வளவு தெளிவா இருக்கு பாருங்க."

"சரி. இப்ப நான்தான் ஏஜென்ட். காலையில அதுக்குக் கொடுத்த வேலையை எனக்குக் கொடுங்க."

தாணு அவள் திரையில் பக்கத்தைத் திறந்து, காலையில் வந்த வேலையை அடித்து வைத்துவிட்டு, அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அதாவது மேடம், இதுல விடுவின்னு நான் சொல்றது..."

ஜெசிந்தா எழுந்தாள். அறையின் கண்ணாடிக் கதவைத் திறந்து, வெளியே கையைக் காட்டினாள்.

அவர் போனார். உள்ளிருந்து தாழ்ப்பாள் விழுந்தது.

வெளியே நின்றபடியே திரை அவருக்கு நன்றாகத் தெரிந்தது. அவள் பொறுமையாகப் படித்தாள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளில், நல்ல பெயர் எடுக்க நினைப்பவர்கள் படிப்பதைப் போல. சுட்டி 'நிலை மாற்று' மேல் சிறிது நின்றது. பிறகு நகர்ந்து 'விடுவி'க்கு வந்தது.

வேண்டாம் என்று தாணு தலையை ஆட்டினார். அவள் திரும்பவில்லை.

அப்போதுதான் அவருக்கு அந்தச் சந்தேகம் வந்தது.

காலையிலிருந்து ரத்த வங்கியின் நிஜப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டே இருந்தார். இருப்பு எவ்வளவு, இன்னும் எத்தனை பை என்று. சோதித்துப் பார்க்க வைத்திருந்த பயிற்சிப் பக்கமும் நிஜப் பக்கமும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். இப்போது அவளுக்குத் திறந்து கொடுத்தது எதை?

நினைவில்லை.

கைப்பிடியைத் திருகினார். கதவு அசையவில்லை. உள்ளங்கையால் கண்ணாடியைத் தட்டினார். பிறகு முஷ்டியால். ஏதேதோ கத்தினார். அலுவலகமே எழுந்து நின்று பார்த்தது. இந்த மனுஷன் குரல் உயர்த்தி அவர்கள் கேட்டதே இல்லை.

ஜெசிந்தா அழுத்தினாள். விடுவி.

பிறகு மெல்ல எழுந்து வந்து கதவைத் திறந்தாள். அவளைத் தள்ளாத குறையாக உள்ளே பாய்ந்தார் தாணு. கையில் போன். ரத்த வங்கியின் எண்ணைத் தேடிக்கொண்டே கேட்டார்.

"மேடம், இது பயிற்சியா, நிஜமா?"

"எனக்கு எப்படிண்ணே தெரியும்? எங்கயும் எழுதலையே."

சொல்லிவிட்டு அவள் குனிந்தாள். மேசைக்கடியிலிருந்து இணையக் கேபிளின் நுனியை எடுத்து அவர் முன்னால் தூக்கிப் பிடித்தாள். அது எதிலும் செருகப்படாமல் ஆடிக்கொண்டிருந்தது.

தாணு உட்கார்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"எப்ப கழட்டினீங்க?"

"தாழ்ப்பாள் போட்டுட்டு வந்து உட்காரும்போது."

"ஏன்?"

"உங்க முகத்தைப் பார்த்தேன். எந்தப் பக்கத்தைத் திறந்தீங்கன்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்காதுன்னு தோணிச்சு."

தாணு திரையில் தன் குறிப்பையே வெறித்தார். காலையில் தெளிவாக இருந்த அந்த வரிகள் இப்போது ஒன்றுமே சொல்லவில்லை.

"இதுல நான் என்னதான் எழுதணும் மேடம்?"

"வெளிய நின்னு என்ன கத்தினீங்க?"

தாணு யோசித்தார். ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

"அதை எடுக்காதீங்க, அது பையை வெளிய அனுப்பிரும்னு கத்தினேன். வெளிய போய் அரை மணி தாண்டினா திரும்ப உள்ள வைக்க முடியாது. ஆபரேஷன் தள்ளிப்போச்சுன்னா நிலை மாற்று போதும், ஒதுக்கினது எல்லாருக்கும் பொதுவாயிரும், பை இருந்த இடத்துலயே இருக்கும். சந்தேகமா இருந்தா எதையும் தொடாதீங்க, வங்கியில இருக்கிறவங்களைக் கேளுங்கன்னு..."

"அப்படியா?"

ஜெசிந்தா கீபோர்டை அவர் பக்கம் தள்ளினாள்.

"உள்ள எனக்கு ஒண்ணும் கேக்கலையேண்ணே."